புதுக்கோட்டை வெயிலுக்கு ஸ்வெட்டர் ஊசி எதற்கு?

"என்ன டாக்டர், சூரணம், லேகியம் எல்லாத்தையும் விட்டுட்டு ஸ்வெட்டர் பின்னக் கத்துக்கொடுக்கக் கிளம்பிட்டீங்களா?" என்று நீங்கள் கேட்பது என் காதில் விழுகிறது. கேளுங்கள், தப்பில்லை. நான் வைத்தியம் பார்ப்பது புதுக்கோட்டையில். சித்திரை, வைகாசியில் இங்கே மொட்டை மாடியில் காலை வைக்க முடியாது. மார்கழிப் பனிக்கு மங்கி குல்லா மாட்டிக்கொண்டு வாக்கிங் போகிற தாத்தாக்களைத் தவிர, இந்த ஊரில் கம்பளி உடுத்துகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு, 'ஆளுக்கு ஒரு ஜோடி ஊசியும் ஒரு உருண்டை உல்லன் நூலும் வாங்குங்கள்' என்று எழுதினால் சிரிப்பு வரத்தான் செய்யும்.

ஆனால், நான் பேச வந்தது ஸ்வெட்டரைப் பற்றி அல்ல. கையைப் பற்றி.

நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய பெண்கள் என்னிடம் வந்து சொல்லும் குறைகளில் இரண்டு அடிக்கடி சேர்ந்தே வருகின்றன. ஒன்று, "காலையில எழுந்தா விரல் மடங்க மாட்டேங்குது". இன்னொன்று, "படுத்தா தூக்கம் வர மாட்டேங்குது". கூடவே மூன்றாவதாக ஒன்று உண்டு. அதை வாய் விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகள் சிங்கப்பூரிலோ பெங்களூரிலோ இருப்பார்கள். வீட்டுக்காரர் ஹாலில் டி.வி. முன்னால் இருப்பார். இவர் கையில் செல்போன். மணி பன்னிரண்டு ஆகும், ஒன்று ஆகும், கட்டை விரல் மட்டும் மேலும் கீழும் தள்ளிக்கொண்டே இருக்கும். நாள் முழுக்க அந்தக் கை செய்கிற நுணுக்கமான வேலை என்று பார்த்தால் அது ஒன்றுதான்.

நம் வீடுகளில் கைக்கு எவ்வளவு வேலை இருந்தது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அரிசியில் கல் பொறுக்குவது, பூத்தொடுப்பது, கீரை ஆய்வது, மதிய நேரத்தில் வயர் கூடை பின்னுவது... திருமயம் பக்கம் ராயவரம், கோனாபட்டு, கடியாபட்டி போன்ற நகரத்தார் ஊர்களில் ஆச்சிமார்கள் பனை ஓலையில் கொட்டான் முடைவார்கள். விரல் நுனியில் வேலை, வாயில் பேச்சு. 'அந்தக் காலம் பொற்காலம்' என்று நான் சொல்லப் போவதில்லை. அம்மியில் அரைத்த என் அம்மாவின் தோள்பட்டையைக் கேட்டிருந்தால் அது வேறு கதை சொல்லும். மிக்ஸி வந்தது நல்லதுதான். ஆனால் தோளை முறிக்கிற வேலை போனபோது, விரலைப் பழக்குகிற வேலையும் கூடவே போய்விட்டது. அந்த இடம் காலியாகக் கிடக்கிறது. அதில் எதை வைக்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது கைப்பின்னல். பூத்தொடுக்கிறேன் என்றாலும் சரி, கொட்டான் முடைகிறேன் என்றாலும் சரி, எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தினமும் பூ வாங்கக் காசு வேண்டும், ஓலைக்கு அலைய வேண்டும். இதற்கு நூல் உருண்டை ஒன்று போதும். பிடிக்கவில்லையா, அவிழ்த்துவிட்டு அதே நூலில் மறுபடி ஆரம்பிக்கலாம். அவிழ்த்தால் ஒன்றும் நஷ்டமில்லாத வேலை உலகத்தில் எத்தனை இருக்கிறது, சொல்லுங்கள்!

பின்னல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள வகுப்புக்குப் போக வேண்டாம். வீட்டில் இருக்கும் ஒரு பழைய பனியனை எடுத்து வெளிச்சத்தில் உற்றுப் பாருங்கள். வேட்டியையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வேட்டி நெசவு. அதில் பாவு நூல் நீளவாக்கில், ஊடை நூல் குறுக்குவாக்கில். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி இறங்கிப் போகும். அதனால் வேட்டி இழுத்தால் நீளாது. பனியன் அப்படி அல்ல. ஒரே நூல் வளையம் வளையமாக வளைந்து, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையமாக நுழைந்து போகிறது. வளையத்துக்கு இடம் இருப்பதால்தான் பனியன் இழுத்தால் விரிகிறது, விட்டால் சுருங்குகிறது. அதன் வெளிப்பக்கத்தில் சின்னச் சின்ன அம்பு முனைகளை அடுக்கி வைத்ததுபோல வரி வரியாகத் தெரியும். உள்பக்கம் திருப்பினால் அலை அலையாக மேடு தெரியும். கைப்பின்னலில் உள்ள இரண்டே இரண்டு அடிப்படைக் கண்ணிகளும் இவைதான்! அம்பு முனை தெரிந்தால் 'நிட்'. மேடு தெரிந்தால் 'பர்ல்'. ஒரே கண்ணியின் முன்பக்கமும் பின்பக்கமும்தான் அவை. பனியனின் கழுத்துப் பட்டையைப் பாருங்கள். அங்கே ஒரு நிட், ஒரு பர்ல் என்று மாறி மாறி வரும். அதனால்தான் அது தலை நுழையும்போது விரிந்து கொடுத்து, பிறகு கழுத்தோடு ஒட்டி நிற்கிறது.

திருப்பூர் மெஷின்கள் இன்று கண் மூடித் திறப்பதற்குள் செய்வதும் இதே கண்ணிதான். இங்கிலாந்தில் வில்லியம் லீ என்பவர் பின்னல் இயந்திரம் கண்டுபிடித்த 1589-ஆம் ஆண்டுவரை உலகத்தில் பின்னல் என்றாலே கைப்பின்னல்தான்.

இனி ஊசிக்கு வருவோம். நம் ஊர் ஃபேன்ஸி ஸ்டோர்களில் பின்னல் ஊசியை நம்பர் சொல்லிக் கேட்பது வழக்கம். நம்பர் ஏற ஏற ஊசி மெலியும். இது பலரைக் குழப்பும். 8-ஆம் நம்பர் என்றால் 4 மில்லி மீட்டர் தடிமன். முதன்முதலில் கற்பவர்களுக்கு அதுதான் தோது. நூல் வெளிர் நிறத்தில் இருக்கட்டும். கறுப்பு நூல் வாங்கிவிட்டு, "கண்ணியே தெரியல டாக்டர்" என்று என்னிடம் வராதீர்கள். விரல் மூட்டில் வலி உள்ளவர்கள் அலுமினிய ஊசியைவிட மூங்கில் ஊசி வாங்குவது நல்லது. எடை குறைவு, நூலும் வழுக்கி ஓடாது.

ஊசியில் முதலில் ஒரு சுருக்கு முடிச்சு. அதுவே முதல் கண்ணி. பிறகு இடது கட்டை விரலில் நூலை ஒரு சுற்றுச் சுற்றி, அந்த வளையத்தை ஊசியில் மாட்டி, மெல்ல இழுங்கள். இப்படி 20 கண்ணி ஏற்றுங்கள். கண்ணி உள்ள ஊசி இடது கையில், வெறும் ஊசி வலது கையில். நூல் பின்பக்கம் இருக்கட்டும். வலது ஊசியை முதல் கண்ணிக்குள் முன்னாலிருந்து பின்னால் நுழைத்து, நூலை அதன் மேல் ஒரு சுற்று சுற்றி, அந்தச் சுற்றைக் கண்ணி வழியாக முன்னால் இழுத்து, பழைய கண்ணியை இடது ஊசியிலிருந்து நழுவ விடுங்கள். நுழை, சுற்று, இழு, விடு. ஒரு நிட் கண்ணி முடிந்தது. வரிசை முடிந்ததும் ஊசிகளைக் கை மாற்றிக்கொண்டு மறுபடி அதே நிட். எல்லா வரிசையும் நிட்டாகவே போட்டால் இரண்டு பக்கமும் மேடு மேடாக, சுருளாமல் தட்டையாக நிற்கும் துணி கிடைக்கும். பனியன் துணியை வெட்டினால் ஓரம் தானாகச் சுருட்டிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அந்தத் தொல்லை இதில் இல்லை.

முதல் பத்து நாள் இது போதும். பர்லுக்கு அவசரப்பட வேண்டாம். அதில் நூலை முன்பக்கம் கொண்டுவந்து, ஊசியைக் கண்ணியின் முன்னால் வலமிருந்து இடமாக நுழைத்து, சுற்றி, பின்னால் தள்ள வேண்டும். அவ்வளவுதான். ஒரு வரிசை நிட், ஒரு வரிசை பர்ல் என்று போட்டால் பனியன் துணியே கையில் வந்துவிடும்.

ஆரம்பத்தில் எல்லோரும் செய்வது ஒன்று உண்டு. உயிரைக் கொடுத்து இறுக்குவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, தோளைக் காது வரைக்கும் தூக்கிக்கொண்டு! கண்ணி ஊசியில் இறுகிப் போய் நகராது. மனசு எப்படி இருக்கிறதோ அப்படித்தான் நூலும் இறுகும் என்று சொல்லத் தோன்றுகிறது; ஆனால் அது உண்மை அல்ல, புதுசு என்பதால்தான் இறுகுகிறது. ஒரு வாரத்தில் சரியாகும். கண்ணி ஒன்று நழுவி விட்டால், பழைய பனியனில் ஓட்டை விழுந்து ஏணிபோல இறங்குமே, அப்படி இறங்கும். பதற வேண்டாம். ஒரு குரோஷா ஊசியால் ஏணிப் படி ஒவ்வொன்றாக மேலே கொக்கியால் இழுத்து ஏற்றிவிடலாம்.

குரோஷா என்றதும் ஞாபகம் வருகிறது. அது கொக்கி வைத்த ஒற்றை ஊசி. ஒரு நேரத்தில் ஒரு கண்ணி. இது இரட்டை ஊசி. வரிசை முழுக்கக் கண்ணிகள் ஊசியிலேயே காத்திருக்கும். நம் தமிழ்நாட்டுப் பெண்கள் குரோஷாவில் செய்து காட்டியது சின்ன விஷயம் அல்ல. சென்னையைச் சேர்ந்த சுபஸ்ரீ நடராஜன் ஒன்று சேர்த்த 'மதர் இந்தியாஸ் குரோஷா குவீன்ஸ்' குழு, 2016 ஜனவரியில் 11,148 சதுர மீட்டர் பரப்புள்ள போர்வையை விரித்து, உலகிலேயே பெரிய குரோஷா போர்வை என்று கின்னஸில் இடம் பிடித்தது. ஆளுக்கொரு துண்டாகத் தத்தம் வீட்டில் உட்கார்ந்து பின்னியது! பக்கத்து வீட்டுக்காரரின் முகம் தெரியாத காலத்தில், பல ஊர்ப் பெண்கள் ஒரு நூலுக்காகச் சேர்ந்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

சரி, உடம்புக்கு என்ன லாபம்? இதில் நான் கொஞ்சம் கறாராகவே இருக்க விரும்புகிறேன். பின்னினால் சர்க்கரை இறங்கும், பி.பி. பறந்துபோகும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக் ஆய்வாளர்கள் 70 முதல் 89 வயதுவரை உள்ள சுமார் 1,300 பேரை ஆராய்ந்து 2011-இல் ஒன்று சொன்னார்கள். பின்னல் போன்ற கைவேலை, புத்தகம் படிப்பது இவற்றில் ஈடுபட்டவர்களிடம் லேசான ஞாபகக் குறைவு குறைவாகக் காணப்பட்டது என்று. நல்ல செய்திதான். ஆனால் பின்னியதால் மூளை நன்றாக இருந்ததா, மூளை நன்றாக இருந்ததால் பின்ன முடிந்ததா? அந்த ஆய்வை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. 2013-இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் உலகம் முழுக்க 3,500-க்கும் மேற்பட்ட பின்னல்காரர்களைக் கேட்டார்கள். அடிக்கடி பின்னுகிறவர்கள், மனம் அமைதியாகவும் சந்தோஷமாகவும் இருப்பதாக அதிகம் சொன்னார்கள். காபி குடிப்பவரிடம் போய்க் காபி பிடிக்குமா என்று கேட்டது போலத்தான் என்றாலும், ஒரேயடியாகத் தள்ளிவிடவும் மாட்டேன்.

ஏன் என்றால், என் அனுபவமும் அந்தப் பக்கமே சாய்கிறது. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், கணவர் தவறிய பிறகு தூக்கத்துக்கு மருந்து கேட்டு வந்தார். அமுக்கரா சூரணம் பாலில் கொடுத்தேன். கூடவே, ராத்திரி எட்டரை மணிக்குமேல் செல்போன் வேறு அறையில் இருக்க வேண்டும், கையில் ஊசி இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போட்டேன். இரண்டு மாதத்தில் பத்தரைக்குத் தூங்குகிறேன் என்றார். இதில் சூரணம் எவ்வளவு, செல்போன் போனது எவ்வளவு, ஊசி எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னால் ஆகாது. ஆனால் அவர் சொன்ன ஒரு வாக்கியம் மனதில் நிற்கிறது. "டாக்டர், டி.வி. பார்த்தா ராத்திரி போயிடுது, அவ்வளவுதான். இதுல ராத்திரி போனதுக்கு அத்தாட்சியா நாலு விரற்கடை துணி இருக்கு."

அதே அம்மா மூன்றாம் மாதம் கழுத்து வலியோடு வந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கட்டிலில் சாய்ந்து, தலையைக் குனிந்து, மடியில் வைத்துப் பின்னியிருக்கிறார். சித்த மருத்துவம் சொல்லும் சகன வாதத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பு விடுவது இதுதான். முதுகுக்குச் சாய்மானம் உள்ள நாற்காலி, மடியில் ஒரு தலையணை, அதன்மேல் முழங்கைகள். பின்னல் மார்புக்குக் கீழே, கண்ணுக்கு நேராக வரட்டும். வெளிச்சம் தோளுக்குப் பின்னாலிருந்து விழ வேண்டும். நாற்பதைத் தாண்டியவர்கள் வெள்ளெழுத்துக் கண்ணாடி இல்லாமல் உட்காராதீர்கள். இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஊசியைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தூரத்து மரத்தைப் பாருங்கள். விரல்களை விரித்து மடக்குங்கள். நம் மருத்துவம் அடக்கக் கூடாத வேகங்கள் பதினான்கு என்கிறது. சிறுநீர், தாகம், பசி, தூக்கம், கொட்டாவி எல்லாம் அதில் உண்டு. "இந்த ஒரு வரிசை முடிச்சுட்டுப் போறேன்" என்று சிறுநீரை அடக்குகிற பின்னல்காரிகளை எனக்குத் தெரியும். வேண்டாம் தாயே, வரிசை காத்திருக்கும்!

யார் பின்னக்கூடாது? காலையில் விரல் விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்து, இரண்டு கை மூட்டுகளிலும் வீக்கமும் சூடும் இருந்தால் அது உதிரவாத சுரோணிதமாக இருக்கலாம். முதலில் வைத்தியம், பிறகுதான் ஊசி. அரை மணிக்குள் விட்டுப்போகும் விறைப்பு பெரும்பாலும் வயதின் தேய்மானம். நொச்சி இலை போட்டுக் காய்ச்சிய இளஞ்சூட்டு நீரில் கையை ஐந்து நிமிடம் வைத்துவிட்டு, அவர்கள் தாராளமாகப் பின்னலாம். கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் ராத்திரியில் மரத்துப்போய், கையை உதறினால் சரியாகிறதா? அது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் அடையாளம். 'கார்ப்பல் டனல்' என்பார்கள். பின்னலை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். சர்க்கரை, தைராய்டு இரண்டையும் பரிசோதித்துக்கொள்வது நல்லது. அவை பின்னால் ஒளிந்திருப்பது சகஜம்.

இன்னொரு எச்சரிக்கை. நாம் வாங்கும் உல்லன் நூல் பெரும்பாலும் ஆட்டு ரோமம் அல்ல, அக்ரிலிக். நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். அதில் அடுப்படிக்குப் பிடிதுணி பின்னாதீர்கள். அதற்குப் பருத்தி நூல்தான்.

"எல்லாம் சரி, பின்னியதை என்ன செய்வது? எங்க வீட்டுல யாருக்கு ஸ்வெட்டர்?" என்றால், என்னிடம் ஒரு பதில் இருக்கிறது. குல்லா. பச்சைக் குழந்தைக்கு. வெயில் ஊரிலும் இரண்டரை கிலோவுக்குக் குறைவாகப் பிறக்கும் குழந்தைக்குக் குளிர்ந்து போவது பெரிய ஆபத்து. உடம்பு அளவுக்குத் தலை பெரிது, தோலுக்கடியில் கொழுப்புக் குறைவு. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், இன்குபேட்டர் பற்றாத ஆஸ்பத்திரியில் 1978-இல் ஆரம்பித்த 'கங்காரு' முறையை இன்று உலக சுகாதார நிறுவனமும் சிபாரிசு செய்கிறது. தாயின் மார்போடு தோலுக்குத் தோல் அணைத்து, தலைக்கு ஒரு குல்லா போட்டு வைப்பது. நம் ஊர் ராணியார் ஆஸ்பத்திரி போன்ற பிரசவ ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் பாருங்கள். வேண்டும் என்றால் என்ன அளவு, என்ன நூல் என்று அவர்களே சொல்வார்கள். கேட்காமல் மூட்டை கட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டாம்.

நிறை மாதக் குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். பின்னல் விரியும் என்பதால் 30 போதும். முதலில் ஒரு சதுரம் பின்னி, 10 சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி என்று ஸ்கேல் வைத்து எண்ணுங்கள். 20 என்றால் குல்லாவுக்கு 60 கண்ணி. கையின் இறுக்கம் ஆளுக்கு ஆள் மாறும். அதனால் புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணை நம்புவதைவிட உங்கள் சதுரத்தை நம்புங்கள். மென்மையான பருத்தி நூல் உத்தமம். பொத்தான், மணி, ரிப்பன், நாடா எதுவும் கூடாது. காலுறையோ கையுறையோ பின்னினால், உள்பக்கத்தைத் திருப்பி, தொங்கும் நூல் இல்லையே என்று பார்த்துவிடுங்கள். ஒரு நூலிழை குழந்தையின் விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டமே நின்றுபோகும். காரணம் தெரியாமல் வீறிட்டு அழும் குழந்தையின் விரல்களைப் பிரித்துப் பார்க்கச் சொல்வது இதனால்தான். இன்னொன்று, நல்ல எடையுள்ள குழந்தைக்கு வெயில் நாளில் வீட்டுக்குள் குல்லா வேண்டியதில்லை. தூங்கும்போது நிச்சயம் வேண்டாம்.

வீட்டு ஆண்களுக்கும் சொல்கிறேன். ரிட்டயர் ஆகி, காலையில் பேப்பரை மூன்று முறை படிக்கிறவர்கள் இருக்கிறீர்களே, உங்களுக்கும்தான். 'இது பொம்பளை வேலை' என்று நெற்றியைச் சுருக்க வேண்டாம். ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பின்னலைத் தொழிலாகச் செய்து, அதற்குச் சங்கம் வைத்திருந்தவர்கள் ஆண்கள்தான். மனைவி கற்றுக்கொடுக்கட்டும். முப்பது வருஷத்தில் அவர் உங்களுக்கு வாத்தியாராக இருந்து, நீங்கள் தப்புச் செய்ய, அவர் பொறுமையாக அவிழ்த்து மறுபடி சொல்லித்தருவது எத்தனை வீட்டில் நடந்திருக்கிறது? பேரன், பேத்திகளையும் உட்கார வையுங்கள். எட்டு வயதில் சுலபமாக வரும்.

பின்னி முடித்த குல்லாவை மென்மையான சோப்பில் அலசி, வெயிலில் காயவைத்துக் கொடுங்கள். எடுத்து வைப்பதானால் பீரோவில் பாச்சை உருண்டை போடாதீர்கள். அதிலுள்ள நாப்தலின், ஜி6பிடி என்ற நொதிக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைக்கு ரத்த அணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலை வரவழைக்கும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை இருக்கிறது என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. நிழலில் காய்ந்த நொச்சி இலையோ வேப்பிலையோ ஒரு சின்னத் துணியில் முடிந்து, குல்லாவோடு ஒட்டாமல் பீரோவின் மூலையில் வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இலையை மாற்றினால் போதும்.